மான் வேட்டைக்குத் தோட்டா வாங்கின கடை: குழலைக் கேட்டுப்போட்டுத்தான் பெட்டியை எடுப்பார்

முதலே சொல்லிப்போடுறன், இது கனடாவில ஒன்ராறியோவில இருக்கிற ஒரு கடையைப் பற்றினது, யாழ்ப்பாணம் ரவுணுக்குள்ள தேடி அலைஞ்சுபோட்டு என்னைப் பேசாதேங்கோ. இஞ்ச இலங்கையில மான் மரை சுடுறது குற்றம், 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் பிறகு வந்த திருத்தங்களும் இருக்கு, லைசன் துவக்கு குடுக்கிறதும் பெரும்பாலும் பயிர்க்காவலுக்குத்தான், அதால வன்னிக்குள்ள போறதுக்கு உதுல ஒண்டும் உதவாது. நான் அக்கா வீட்ட போய் நிக்கேக்க அத்தான் மான் சீசனுக்கு ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தவர், அவரோட சேர்ந்து கடை கடையா ஏறி இறங்கினதில தெரிஞ்சதைத்தான் எழுதுறன், எங்கட பக்கத்துப் பெடியள் அங்க போய் முறைப்படி கோர்ஸ் செய்து லைசன் எடுத்து வேட்டைக்குப் போகினம், அவையளுக்குப் பிரயோசனப்படும்.

எங்கட ஆக்களுக்கு மான் எண்டால் வாயில வாறது எஸ்.ஜி. தான். வாயால மருந்து இடிச்சு அடைக்கிற இடியன் துவக்குக் காலத்து ஆக்களுக்கு அதுவே பெரிய முன்னேற்றம். அத்தானும் கனடா போன புதுசில அந்த நினைப்பிலதான் இருந்தவர். எஸ்.ஜி. எண்டது 12 போர் (துவக்குக் குழலின்ர அளவு) தோட்டாவுக்குள்ள எட்டொன்பது பெரிய சன்னம், ஒவ்வொண்டும் 8 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேல, அமெரிக்கன் பெட்டியில டபிள் ஓ பக் எண்டு போட்டிருக்கிறதும் கிட்டத்தட்ட உதுதான். 25 யாருக்குள்ள (ஒரு யார் மூண்டு அடி) மான் நிண்டால் பிரச்சினை இல்லை, ஆனா சாதாரணக் குழலில தூரம் ஒரு யார் கூட சன்னம் ஒரு அங்குலம் அகலும் எண்டு ஒரு உத்தேசக் கணக்கு இருக்கு, அப்ப 40 யாரில ஒரு மீற்றர் அகலத்துக்கு ஒன்பது சன்னம் சிதறிப் போகும், மானின்ர நெஞ்சுக்குள்ள நுரையீரலும் இதயமும் இருக்கிற இடம் ஒரு சோத்துக் கோப்பை அளவு, அதில எத்தினை படும் எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்கோ. வயித்தில ரெண்டும் தொடையில ஒண்டும் வாங்கிக்கொண்டு ஓடுற மானைப் பொழுதுபட்ட பிறகு பத்தைக்குள்ள தேடுறது பாவம், இறைச்சியும் பழுதாப் போயிடும்.

அதால அங்க கனபேர் பாவிக்கிறது ஸ்லக். தோட்டாவுக்குள்ள ஒரேயொரு ஈயக் குண்டு, 12 போரில வழக்கமா ஒரு அவுன்ஸ், 28 கிராம். தெற்கு ஒன்ராறியோவில சில இடங்களில மானுக்கு ரைபிள் கொண்டுபோக ஏலாது, ஷொட்கன், வாயால மருந்து அடைக்கிற துவக்கு, இல்லாட்டி அம்பு வில்லு மாதிரிச் சாமான்தான், அங்க ஷொட்கன்காரருக்கு ஸ்லக்தான் கதி.

இனி கடைக் கதைக்கு வாறன். முதல் போனது ஒரு பெரிய கடை, பேர் வேண்டாம். கவுண்டரில நிண்ட பெடியன் அத்தான்ர பி.ஏ.எல். எண்ட துவக்கு லைசன் கார்ட்டை வாங்கிப் பாத்தவன் (அந்தக் கார்ட் இல்லாமல் அங்க ஒரு தோட்டாவும் தரமாட்டினம்), மான் எண்டு சொன்ன உடன விலை கூடின சாபொட் பெட்டியை எடுத்து வச்சு "திஸ் இஸ் த பெஸ்ட்" எண்டான். அஞ்சு தோட்டாப் பெட்டி, சாதாரண ஸ்லக்கின்ர விலையைவிட ரெண்டு மடங்குக்கு மேல. எந்தத் துவக்கு, என்ன குழல், ஒண்டும் கேக்கேல்ல. அத்தான்ரது பழைய பம்ப் அக்‌ஷன், உள்ளுக்குப் புரி வெட்டாத மழமழப்பான குழல். சாபொட் எண்டது பிளாஸ்ரிக் உறைக்குள்ள இருக்கிற சின்னக் குண்டு, புரி வெட்டின குழல் அதைச் சுழட்டி விட்டால்தான் நேராப் போகும். சுட்டுப் பழகுற ரேஞ்சில கொண்டுபோய் 50 யாரில அடிச்சால் ஒண்டு கடதாசியின்ர மேல் மூலையில, அடுத்தது கீழ, மூண்டாவது விழுந்த ஓட்டையைப் பாத்தால் வட்டமே இல்லை, குண்டு பக்கவாட்டில படுத்துக்கொண்டு போய் நீட்டுக்குக் கிழிச்சிருக்கு! பக்கத்து மேசையில நிண்ட வயசான வெள்ளைக்காரர் வந்து கடதாசியைப் பாத்துச் சிரிச்சுப்போட்டு, குழலுக்குள்ள எட்டிப் பாத்துப்போட்டு, இந்தச் சின்னக் கடைக்குப் போ எண்டு விலாசம் சொன்னவர்.

ஸ்காபரோவில இருந்து வடக்கால ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட ஓடவேணும், மீன் தூண்டிலும் துவக்கும் சேர்த்து விக்கிற கடை, உள்ள ஒரு எண்ணெய் மணம். முதலாளி மனுசன் பெட்டி ஒண்டையும் தொடேல்ல, முதல் கேட்டது குழல் என்ன, சோக் (குழல் வாயின்ர இறுக்கம்) என்ன, குறி பாக்கிற சைற் இருக்கோ இல்லாட்டி நுனியில மணி மட்டுமோ எண்டு. அத்தான் போனில துவக்கின்ர படத்தைக் காட்ட, அதைப் பெருப்பிச்சு குழலில அடிச்சிருக்கிற எழுத்தைப் படிச்சவர், இரண்டேமுக்கால் அங்குலச் சேம்பர் (தோட்டா இருக்கிற அறை), இதுக்குள்ள மூண்டு அங்குலத் தோட்டா போடவே கூடாது எண்டு கண்டிப்பாச் சொன்னார். இறுக்கின ஃபுல் சோக்கால ஸ்லக் அடிக்கவேண்டாம், கொஞ்சமா இறுக்கின இம்ப்ரூவ்ட் சிலிண்டர் சோக் போடு எண்டும் சொன்னவர். மனுசனுக்குச் சிரிப்பே வராது, ஆனா கேட்ட கேள்விக்கெல்லாம் மறுமொழி இருந்தது.

அவர் எடுத்து வச்சது மூண்டு வகை ஸ்லக். ரெமிங்டன் ஸ்லக்கர், ஃபெடரல் ட்ரூபோல், பிரென்னெக்க. மூண்டும் மழமழப்புக் குழலுக்குச் சரி. வெளியில சரிவாக் கோடு போட்டிருக்கும், அந்தக் கோடுதான் சுழட்டுது எண்டு நானும் அத்தானும் சண்டை பிடிக்க, மனுசன் வெட்டின ஒரு தோட்டாவை லாச்சிக்குள்ளால எடுத்துக் காட்டினார், முன்பக்கம் கட்டி ஈயம், பின்பக்கம் வெறுங்கோது, முன்பாரத்திலதான் நேராப் போகுது, கோடு முக்கியமா உதவுறது சோக்குக்குள்ளால நெரிஞ்சு வெளிய வாறதுக்கு. ட்ரூபோலில பின்னுக்கு ஒரு சின்னப் பிளாஸ்ரிக் உருண்டை இருக்கு, குண்டைக் குழலுக்கு நடுவில பிடிச்சு வச்சிருக்கும். பிரென்னெக்க 1898இல ஜேர்மன்காரன் கண்டுபிடிச்ச வகை, வாட் (குண்டுக்குப் பின்னால இருக்கிற அடைப்பு) குண்டோடயே ஒட்டிக்கொண்டு போகும். ஆளுக்கு ஆள் குழல் மாறும், மூண்டிலயும் ஒரு பெட்டி கொண்டுபோய் அடிச்சுப் பார், எது கிட்டக்கிட்ட விழுதோ அதை வாங்கு எண்டு சொன்னார். கூட விக்கோணும் எண்டு நிண்டிருந்தால் அந்தச் சாபொட்டுக்கு ஏத்த புரிக் குழல் ஒண்டையும் தலையில கட்டியிருக்கலாம், கட்டேல்ல.

அத்தான்ர குழலுக்கு ட்ரூபோல்தான் ஒத்து வந்தது, 50 யாரில ஒரு உள்ளங்கைக்குள்ள மூண்டும். அதே நிலையில 100 யாருக்கு அடிச்சால் ஐஞ்சாறு அங்குலம் கீழ விழுது, மணி மட்டும் இருக்கிற துவக்கில அவ்வளவு தூரம் அடிக்க நான் சொல்லமாட்டன், 60, 70 யாரோட நிப்பாட்டுங்கோ. அத்தானைப் பக்கத்தில வச்சுக்கொண்டு நானும் ஒண்டு அடிச்சனான், தோள்மூட்டு அடுத்தநாள் நீலம் பாஞ்சிட்டுது, மேசையில குனிஞ்சிருந்து அடிக்கேக்க உதைப்பு இன்னும் கூட. மூண்டு அங்குல மக்னம் வாங்கினால்தான் மான் விழும் எண்டு சொல்லுறவையின்ர கதையைக் கேக்காதேங்கோ, இரண்டேமுக்காலே தாராளம்.

கடையில குறை இல்லாமல் இல்லை. கார்ட் மெஷின் வேலை செய்யேல்ல, கை காசு தா எண்டார். வாகனம் விடுற இடம் மூண்டு காருக்குத்தான் காணும். மழைக்குள்ள றோட்டில விட்டிட்டு நடந்தம். செம்மஞ்சள் ஜக்கற் அங்க வாங்காதேங்கோ, விலை அநியாயம், அது இல்லாமல் துவக்குச் சீசனில மான் வேட்டைக்குப் போகவும் ஏலாது, அதால வேற இடத்தில எடுங்கோ.

5க்கு 4 குடுக்கிறன். நவம்பரில போனால் நல்ல ஸ்லக் பெட்டி முடிஞ்சிருக்கும், செப்ரெம்பரிலயே போங்கோ, போனால் பெட்டியின்ர பக்கத்தில அடிச்சிருக்கிற லொட் நம்பரைப் பாத்து ஒரே நம்பரில நாலைஞ்சு பெட்டி எடுங்கோ, நம்பர் மாறினால் குண்டு விழுற இடமும் கொஞ்சம் மாறலாம், பிறகு திரும்ப ரேஞ்சுக்குப் போகவேண்டி வரும்.