தேக்காவில் அட்டவணைக்கு வைத்தியம்

ஏப்ரல் தமிழ்மொழி விழாவுக்கு எங்கள் அடுக்குமாடி புளோக்கில் போட்ட நிகழ்ச்சி அட்டவணை பல பேர் கைபட்டது. ஒரு கட்டத்தில் லதா எழுத்துரு, அடுத்ததில் நிர்மலா, வரி இடைவெளி ஆளுக்கொன்று. சிங்கப்பூர் தேக்காவில் பஃப்ளோ ரோடு பக்கம் உள்ள சின்ன தட்டச்சுக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார அக்கா வேர்டு மென்பொருளில் அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-ஸ்பேஸ், பிறகு கன்ட்ரோல்-க்யூ தட்டினார். முதல் தட்டல், எழுத்தில் கையால் போட்ட மாற்றங்களைக் கழற்றும்; அடுத்த தட்டல், பத்தி இடைவெளியில் போட்டவற்றை. அப்புறம் எழுத்துருப் பெட்டியில் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' பகுதிக்குப் போய் அளவை 11 ஆக்கினார். வேர்டு தமிழை அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறது. ஆங்கிலத்துக்கான பகுதியில் மாற்றிவிட்டு மென்பொருளைத் திட்டுபவர்கள் (என் மருமகனும்தான்) கவனிக்க. கூலி கொஞ்சம் கூடுதல், உட்கார நாற்காலி கிடையாது. வேலை சுத்தம். ஞாயிறு மாலை மட்டும் போகாதீர்கள், கூட்டத்தில் கடை வாசலை எட்டவே முடியாது.