காவலூரைக் கேட்டால் துருவத்தைக் காட்டும்: கட்டளை வரியில் ஸ்டெல்லேரியம்

இரண்டு ஆண்டுகளாகச் செத்துக் கிடந்த டச்பேடைப் போன வாரம்தான் மாற்றினேன். செய்தி கேட்ட நண்பர் உடனே ஃபோன் செய்தார்: "இனியாவது ஸ்டெல்லேரியத்தை மற்றவர்களைப் போல ஐகானைச் சொடுக்கித் திறப்பீர்களா, இல்லை இன்னும் அந்தக் கறுப்புத் திரையில்தான் தட்டிக்கொண்டிருப்பீர்களா?" சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. எழுதினால் தெளியும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஸ்டெல்லேரியம், எந்த ஊரின், எந்த நேரத்து வானத்தையும் கணினித் திரையில் காட்டும் மென்பொருள். இலவசம். ஃபேபியன் ஷெரோ 2000இல் தொடங்கியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் பூச்சியத்தில் தொடங்கும் பதிப்பு எண்ணோடே ஓடி, 2022 அக்டோபரில் ஒருவழியாக 1.0 ஆனது. நான் கட்டளை வரிக்கு, அதாவது கட்டளையைத் தட்டச்சு செய்து நிரலை ஓட்டும் அந்தக் கறுப்புத் திரைக்கு, வந்தது ஆசையால் அல்ல. ஜவ்வாது மலையில், இருட்டில், மடியில் கணினியை வைத்துக்கொண்டு மவுஸை எங்கே உருட்டுவது?

முதலில் கோபம். பார்வையிடும் ஊரை அட்சரேகை, தீர்க்கரேகை என்று கட்டளையோடு இரண்டு தெரிவுகளாக (ஆப்ஷன்) கொடுக்கலாம். பாகைக்கு (டிகிரி) ஆங்கில 'டி' எழுத்து, கலைக்கு (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஒற்றை மேற்கோள், விகலைக்கு (கலையில் அறுபதில் ஒரு பங்கு) இரட்டை மேற்கோள்: உதவிப் பக்கம் காட்டும் எடுத்துக்காட்டு இப்படித்தான். ஜவ்வாது மலையில் வானாய்வகம் இருக்கும் காவலூர் என்றால் +12டி34'00", +78டி50'00". வானியலாளர் கண்ணுக்கு அழகான வடிவம்தான். ஆனால் நாம் தட்டும் கட்டளையை வாங்கிப் படிக்கும் லினக்ஸின் பாஷ் ஷெல்லுக்கு மேற்கோள் குறி என்பது தன் சொந்தச் சொத்து. எங்கே கண்டாலும் "இங்கே ஏதோ திறக்கிறது, மூடும்வரை காத்திருப்பேன்" என்று உட்கார்ந்துவிடும். எண்டர் தட்டினால் நிரல் திறக்காது. அடுத்த வரியில் ஒரு கூர்முனைக் குறி (>) மட்டும் வந்து நிற்கும். மறுபடி எண்டர் தட்டினால் இன்னொரு கூர்முனை. முதல் நாள் இப்படி ஆறேழு சேர்த்த பிறகுதான் புரிந்தது.

அதுகூடப் பரவாயில்லை, ஏதோ தவறு என்றாவது தெரிகிறது. விகலை எதற்கு, கலையோடு நிறுத்துவோம் என்று சுருக்கினேன் பாருங்கள், அங்கேதான் மோசம் போனேன். அட்சரேகையின் கடைசியில் இருந்த ஒற்றை மேற்கோளும் தீர்க்கரேகையின் கடைசியில் இருந்ததும் ஜோடி சேர்ந்துகொண்டன. நடுவில் இருந்ததெல்லாம் ஒரே சொல்லாகி, இரண்டு தெரிவுகளும் ஒன்றாகிவிட்டன. ஷெல்லிடமிருந்து ஒரு முணுமுணுப்பு இல்லை. நிரல் சமர்த்தாகத் திறந்தது, வானமும் வந்தது. அது காவலூர் வானம் இல்லை என்பதைத் துருவ விண்மீனை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்தில்தான் அது நிற்கும். பன்னிரண்டரைப் பாகையில் தேடினேன், ஆளைக் காணவில்லை. ஒவ்வொரு மேற்கோளுக்கும் முன்னால் ஒரு பின்சாய்வுக்கோடு (\) போட்டால் எல்லாம் சரியாகிவிடும். இருட்டில், குளிரில் விறைத்த விரலால் நான்கு பின்சாய்வுக்கோடுகளைப் போட்டுப் பாருங்கள்.

நியாயமாகவும் பேச வேண்டும். தேதிக்கும் நேரத்துக்கும் உள்ள தெரிவுகள் தங்கம். 20201221, 18:45:00 என்று கொடுத்தால் வியாழனும் சனியும் பத்தில் ஒரு பாகை நெருங்கி நின்ற அந்த மாலை கண்முன் விரிகிறது. பார்வைப் பரப்பை ஒரு பாகையாகச் சுருக்கவும் ஒரு தெரிவு உண்டு. சுருக்கினேன். வெற்று வானம்! எவ்வளவு பார்ப்பது என்று சொல்லலாமாம், எதைப் பார்ப்பது என்று சொல்லத் தெரிவு கிடையாதாம். கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சுவரைப் பார்க்கச் சொன்ன கதை.

அதற்கு ஸ்கிரிப்ட், அதாவது நிரல் வரிசையாகச் செய்ய வேண்டியதைச் சொல்லும் கட்டளைத் தொகுப்பு, எழுத வேண்டும். பயனர் கோப்புறைக்குள் இருக்கும் ஸ்கிரிப்ட் கோப்புறையில் ஒரு சிறு கோப்பை எழுதி வைத்து, தொடங்கும்போது இதை ஓட்டு என்று பெயரை மட்டும் கொடுத்தால் போதும். இங்கே இடத்தைப் பதின்ம எண்ணாகக் கொடுக்கலாம், மேற்கோள் தொல்லை இல்லை. நிம்மதியாக 12.567, 78.833 என்று எழுதி ஓட்டினேன். திரை முழுக்கத் தரை. ஸ்கிரிப்டில் தீர்க்கரேகைதான் முதலில் வர வேண்டும், அட்சரேகை இரண்டாவது. உலகமே அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகியிருக்க, இவர்கள் மட்டும் மாற்றி. நான் போய் இறங்கியிருந்த இடம் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம். நம் நாட்டின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கும் நி-ஒலெசுண்டுக்குப் பக்கம். டிசம்பரில் அங்கே சூரியனே எழாது. அந்த ஆண்டு வியாழனும் சனியும்கூட எழவில்லை. கிரகத்தைக் காட்டு என்றதும் நிரல் ஒழுங்காகத் தரைக்கு அடியில் காட்டிக்கொண்டிருந்தது. கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. காவலூரின் இரண்டு எண்களை இடம் மாற்றினால் இந்திய ஆய்வு நிலையத்துக்கு அருகிலேயே போய் விழுவோம் என்று யார் நினைத்தார்கள்?

அந்த ஸ்கிரிப்ட்தான் பிறகு என்னை வளைத்துப்போட்டது. பஞ்சாங்கத்தில் செவ்வாய் வக்கிரம் (பின்னோக்கிப் போவது) என்று போட்டிருப்பதைச் சிறு வயதிலிருந்து படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. 2022 செப்டம்பர் 1 முதல் 2023 பிப்ரவரி 28 வரை, மூன்று நாளுக்கு ஒரு படம் எடு என்று ஒரு சுற்று எழுதினேன். தரையையும் வளிமண்டலத்தையும் நீக்கி, விண்மீன்கள் அசையாதபடி பார்வையை நிலநடுக்கோட்டு முறைக்கு மாற்றிவிட்டு, காபி போடப் போனேன். திரும்பி வந்தபோது அறுபத்தொரு படங்கள். அம்புக்குறி விசையை அழுத்திக்கொண்டே போனால் ரிஷபத்தின் கொம்புகளை நோக்கிக் கிழக்கே போன செவ்வாய், அக்டோபர் இறுதியில் தயங்கி, நின்று, பின்வாங்கி, ரோகிணிக்கு வடக்கே வந்து, ஜனவரி நடுவில் மறுபடி கிழக்கே திரும்புகிறது. நம் பூமி அதை முந்திப்போவதால் வரும் தோற்றம் என்று பாடத்தில் படித்தது, விரல் நுனியில் முன்னும் பின்னும் ஓடியது. அன்றிரவு எத்தனை முறை ஓட்டினேன் என்று கணக்கில்லை.

சில்லறைக் குறைகளும் உண்டு. வீட்டுக் கணினியில் தொலைவிலிருந்து நுழைந்து ஓட்டினால் திரை கிடைக்கவில்லை என்று முறைக்கும். படம் மட்டும் எடுத்துக் கொடு என்றாலும் அதற்கு ஜன்னல் வேண்டும். இயல்புநிலைக்கு மீட்கும் தெரிவைத் தொடாதீர்கள், பழைய அமைப்புக் கோப்பை அழித்துவிடும்.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம், ஐகானையே சொடுக்குங்கள். நேற்று இரவுகூட ஒரு பின்சாய்வுக்கோட்டை விட்டுவிட்டுக் கூர்முனைக் குறியை முறைத்துக்கொண்டிருந்தேன். புது டச்பேடில் இன்னும் ஒட்டுத்தாளைக்கூட உரிக்கவில்லை. அந்தச் செவ்வாய் ஸ்கிரிப்டை மட்டும் கேட்டார், அனுப்பிவிட்டேன். தீர்க்கரேகை முதலில் என்று மேலே கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்.