ஏழாம் எண் அறையும் மனோரிக் கடலும்

முப்பது வருடமாக மும்பையின் ஒழுகும் கட்டடங்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. மொட்டைமாடிக் கசிவு, குளியலறைக் கசிவு, சுவரில் ஓதம், ஸ்லாபில் வெடிப்பு என்று யார் கூப்பிட்டாலும் போவேன். அதனால் எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பது பழக்கமாகிவிட்டது. என் மனைவி நேராகப் போய்ச் சன்னலைத் திறப்பாள். போன பிப்ரவரியில், மும்பையை ஒட்டிய கடற்கரைக் கிராமமான மனோரியில் ஒரு விடுதியில் இரண்டு இரவு தங்கியபோதும் அப்படித்தான். நான் கூரையைப் பார்த்தேன், அவள் கடலைப் பார்த்தாள். விடுதியைப் பற்றி எங்கள் இருவருக்கும் இன்று வரை ஒரே கருத்து கிடையாது.

விடுதியின் பெயரை எழுதப் போவதில்லை. குறை சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே வேலை செய்பவர்களோ தங்கமானவர்கள். கடலைப் பார்த்தபடி நிற்கும் இரண்டு மாடிப் பழைய கட்டடம், ஓர் இரவுக்கு 4,200 ரூபாய், காலைச் சிற்றுண்டியும் அதில் சேர்த்தி.

மனோரிக்குப் போக, மலாட் ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கம் இறங்கி மார்வே படகுத்துறைக்குப் பஸ் பிடிக்க வேண்டும். அங்கிருந்து கழியைக் கடக்கப் படகு. ஸ்கூட்டர்கள், காலி மீன் கூடைகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், நாங்கள் எல்லாரும் ஒரே தளத்தில் நின்றுகொண்டு போனோம். பத்து நிமிடத்தில் அக்கரை. காரில்தான் வருவேன் என்று அடம்பிடிப்பவர்கள் பயந்தர், உத்தன், கோராய் என்று ஊரையே சுற்றிக்கொண்டு வர வேண்டும். படகே மேல்.

இடையில் ஒரு சங்கதி. என் அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் கிடங்கு வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது தாராவியில். மனோரி, கோராய், உத்தன் எல்லாம் சேர்ந்த இந்தக் கரைக்குப் பழைய பெயரும் 'தாராவி பேட்'தான். பேட் என்றால் மராத்தியில் தீவு. படகில் பக்கத்தில் நின்ற, கோலி என்னும் மீனவச் சமூகப் பெரியவர் என் ஊரைக் கேட்டுவிட்டு, "நீங்கள் அந்தத் தாராவி, நாங்கள் இந்தத் தாராவி" என்று சிரித்தார். இறங்கும்போது மனைவியின் பையையும் அவரே தூக்கிக் கொடுத்தார்.

அறை எண் ஏழு, மேல் மாடி. சாவியோடு உள்ளங்கை அளவு மரக்கட்டை ஒன்று தொங்கியது. சன்னல் கதவின் தாழ்ப்பாள் துருவேறி எப்போதோ உதிர்ந்திருக்க வேண்டும். பச்சை நைலான் வலைக் கயிற்றை ஆணியில் சுற்றிக் கட்டியிருந்தார்கள். மனைவி கயிற்றை அவிழ்த்தாள். "என்னங்க, இங்கே வந்து பாருங்கள்" என்றாள். நான் கட்டிலுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதிதாகச் சந்தன நிறப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. நாற்காலியில் ஏறி, சாவிக் கட்டையால் ஸ்லாபைத் தட்டினேன். ஓரத்தில் 'டக் டக்' என்று கெட்டியான சத்தம். கட்டிலுக்கு நேர் மேலே 'டொப்' என்று ஒலித்தது, காய்ந்த சுரைக்காயைத் தட்டியது போல. உப்புக் காற்று செய்யும் வேலை இது. கான்கிரீட்டுக்குள் உப்பு மெல்ல இறங்கிக் கம்பியைப் பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்த கம்பி தன்னை மூடியிருக்கும் சிமென்ட்டைக் கீழே நெட்டித் தள்ளும். வெளியே பெயின்ட் மினுமினுவென்றுதான் இருக்கும்.

மேலாளரைக் கூப்பிட்டுக் கட்டிலை இடம் மாற்றச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனால் மறுக்கவில்லை. அவரும் அறைப் பையனும் சேர்ந்து கட்டிலைச் சன்னலோரமாக இழுத்துப் போட்டார்கள். "எங்கே போனாலும் வேலையைத் தலையில் தூக்கிக்கொண்டே வருகிறீர்கள்" என்று மனைவிக்குக் கோபம்.

குளியலறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது, சோப்பு நுரைக்காது, கண்ணாடியில் பாதி ரசம் போய்விட்டது. வெந்நீர் வந்தது.

சாயங்காலம் வராந்தாவில் இரண்டு சாய்வு நாற்காலிகள் போட்டுக் கொடுத்தார்கள். பிரம்பு ஓரிடத்தில் அறுந்திருந்தாலும் உடம்பை வாங்கிக்கொள்ளும் நாற்காலி. முன்னால் சவுக்கு, அதைத் தாண்டி மணல், கறுப்புப் பாறை, பிறகு தண்ணீர். தண்ணீர் வற்றும் நேரம். பாறைகளுக்கு இடையே தேங்கிய குட்டைகளில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. இடது பக்கம் மூங்கில் கட்டி, பொம்பில் மீனை வரிசையாகக் காயப் போட்டிருந்தார்கள். இரண்டிரண்டாக வாயோடு வாய் கோத்துத் தொங்கவிடுகிறார்கள். காற்று அடித்தால் கொடியில் போட்ட துணி மாதிரி ஆடுகிறது. அந்த வாடை சிலருக்கு ஆகாது. தூத்துக்குடிப் பக்கம் பிறந்த என் மனைவி மூச்சை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டாள். ஆறரைக்கு மேல் சூரியன் நேரே கடலுக்குள் இறங்கியது. ஒரு மணி நேரம் நான் கூரையையே நினைக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

அன்று இரவு மூன்று மணி இருக்கும், 'தொப்' என்று சத்தம். விளக்கைப் போட்டால், பகலில் கட்டில் கிடந்த இடத்தில் தரையெல்லாம் சிமென்ட் தூள், நடுவில் தேங்காய் மூடி அளவு ஒரு கட்டி. மேலே இரண்டு கம்பிகள் விலா எலும்பு போலத் தெரிந்தன. மனைவி கட்டியைப் பார்த்தாள், மேலே பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

காலையில் மேலாளரே துடைப்பத்தோடு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. பின்பக்கத்தில் நல்ல அறை ஒன்று காலி என்றார். போய்ப் பார்த்தோம். கூரை திடமாக இருந்தது. சன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி. மனைவி ஏழாம் எண்ணுக்கே திரும்பிவிட்டாள். கட்டிலுக்கு மேலேயும் அந்தப் பாதி முழுக்கவும் கட்டையால் தட்டிப் பார்த்த பிறகுதான் நான் சம்மதித்தேன். அறையின் மறுபாதிப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று நாற்காலிகளைக் குறுக்கே போட்டு வைத்தேன். பில்லில் 500 ரூபாய் குறைத்தார்கள். விழுந்த இடத்தில் தலை இருந்திருந்தால் அந்த 500 எதற்கு ஆகும் என்று கேட்க நினைத்தேன், அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

சமையல்தான் இந்த விடுதியின் உயிர். சமையற்கார அம்மாள் இந்த ஊர் கிறிஸ்தவர். 'ஈஸ்ட் இண்டியன்' என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் சமூகம். மேற்குக் கரையில் இருந்துகொண்டு கிழக்கிந்தியர் என்ற பெயர்! விக்டோரியா மகாராணியின் பொன்விழா ஆண்டான 1887இல், வெளியிலிருந்து வந்த கோவாக்காரர்களிடமிருந்து தங்களை வேறுபடுத்திக் காட்ட இவர்கள் வைத்துக்கொண்டது. கோடையில் மிளகாயும் வாசனைச் சாமான்களும் வறுத்து இடித்து, பழைய பீர் பாட்டில்களில் அடைத்து வைக்கிறார்கள். அதனாலேயே அதற்குப் பாட்டில் மசாலா என்று பெயர். அந்த அம்மாள் பச்சைப் பொம்பிலைக் கனமான கல்லுக்கு அடியில் வைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, இந்த மசாலா தடவி, ரவையில் புரட்டிப் பொரித்தார். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய். கூடவே ஃபுகியாஸ் என்று உப்பலான மாவு உருண்டை. மனைவி அடுப்படிக்கே போய்விட்டாள். இவளுக்கு மராத்தி அரைகுறை, அவருக்குத் தமிழ் பூச்சியம். அரை மணி நேரம் பேசினார்கள்.

காலைச் சிற்றுண்டி அவல், அதுவும் ஆறிப்போனது. காப்பி கேட்டால் உடனடித் தூளைக் கலக்கித் தருகிறார்கள். மாட்டுங்காவில் வாங்கிய தூளில் டிகாக்ஷன் இறக்கி பிளாஸ்கில் கொண்டுபோயிருந்தோம், பிழைத்தோம். போகிறவர்கள் அப்படியே செய்யுங்கள். சொந்தப் போர்வையும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். விடுதிப் போர்வை சுத்தம்தான், ஆனால் கடற்காற்றில் எப்போதும் பிசுபிசுப்பு.

கிளம்பும்போது மேலாளர் தயங்கித் தயங்கி, பழுது பார்க்க எவ்வளவு ஆகும் என்று கேட்டார். முதலாளி மழைக்காலத்தில் செய்யலாம் என்கிறாராம். ஜூன், ஜூலையில் மீன்பிடித் தடை, படகு கடலுக்குப் போகாது, விருந்தாளியும் வரமாட்டார்கள், அறைகள் காலி. கணக்கு சரி, வேலை தப்பு என்றேன். பொள்ளலைக் கொத்தி எடுத்து, கம்பியின் துருவைச் சுரண்டி, காய்ந்த கம்பியில் பூச வேண்டிய மருந்தைப் பூசிய பிறகுதான் புதுச் சிமென்ட் ஏற வேண்டும். மழை ஈரத்தில் அதைச் செய்தால் துருவை உள்ளே வைத்துத் தைத்தது போலாகும். அக்டோபர் கடைசியில் தொடங்கி, ஓர் அறைக்கு ஐந்து நாள் ஒதுக்கினால் போதும். வருடா வருடம் பெயின்டுக்குக் கொட்டும் பணத்தில் இரண்டு அறையாவது தேறும். பில்லின் பின்பக்கத்திலேயே ஏழாம் எண்ணுக்கு மட்டும் எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தேன். பதிவேட்டுக்குள் பத்திரமாக மடித்து வைத்தார். இதுவரை போன் வரவில்லை.

அன்று நான் எஸ்டிமேட் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் மனைவி நவம்பரில் இரண்டு இரவுக்கு முன்பணம் கட்டிவிட்டாள். ஏழாம் எண்தான் வேண்டும், கட்டில் சன்னலோரமே கிடக்க வேண்டும் என்று சொல்லி, பதிவேட்டில் எழுத வைத்து, எழுதியதை எட்டிப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டுதான் படகுக்கு நடந்தாள்.