சேவலா, பிச்சி மொட்டா, சோதனைக்குழாயா?

கடிகாரமும் கைப்பேசியும் இல்லாவிட்டால் எந்த உயிரை நம்பி மணி பார்க்கலாம்? என் நிபந்தனை ஒன்றுதான்: சூரியன் கண்ணில் படாவிட்டாலும் அது நேரம் சொல்ல வேண்டும்.

முதலில் பூ. எங்கள் மாடித் தொட்டியில் உள்ள அந்திமந்தாரை மாலை நாலு மணிவாக்கில் விரியும். மேகம் மூடினால் முன்கூட்டியே விரிந்து ஏமாற்றிவிடும். 1751-இல் சுவீடனின் தாவரவியலாளர் லின்னேயஸ், மலரும் மணிப்படி பூக்களை வரிசைப்படுத்தினார். வானிலைக்கும் பகலின் நீளத்துக்கும் ஏற்ப மாறுபவற்றை அவரே ஒதுக்கிவிட்டார். மிச்சமும் அவர் ஊரான உப்சாலாவின் பட்டியல்தான். வேறு ஊரில் மணி பொருந்தாது. நெடுநல்வாடைப் பெண்கள் கெட்டிக்காரிகள். அடைமழையில் பொழுது தெரியாத நாளில், பறித்துப் பூந்தட்டில் வைத்த பிச்சி மொட்டு அவிழ்ந்து மணப்பதை வைத்தே அந்தியை அறிந்து விளக்கேற்றினார்கள். செடியை விட்டுப் பிரிந்த மொட்டு! என்ன, அவிழ்ந்த மொட்டு நாளைக்கு உதவாது.

சேவல் நாளைக்கும் கூவும். தெருவில் வண்டி வெளிச்சம் பட்டாலே கூவுகிறதே என்பீர்கள். உண்மைதான்; இந்திரன் சேவலாகக் கூவிக் கௌதமரையே ஏமாற்றிய கதையும் நமக்குத் தெரியும். ஆனால் 2013-இல் ஜப்பானில், சேவல்களை விடியலே இல்லாத மங்கல் வெளிச்சத்தில் அடைத்துப் பார்த்தார்கள். அப்போதும் ஏறக்குறைய 23.7 மணி நேரத்துக்கு ஒருமுறை கூவல் உச்சத்துக்கு வந்தது. நாளுக்குச் சுமார் 18 நிமிடம் முந்தும், வாரத்தில் இரண்டு மணி நேரம். வெளிச்சம் வரும் நாட்களில் அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தொடங்கிவிடும். கூட்டத்தில் தலைச் சேவல்தான் முதலில் கூவும். மற்றவை அதன் பின்னால்தான்.

அப்புறம், நுட்பத்தில் இரண்டையும் மிஞ்சும் ஒன்று. 2005-இல் நகோயா பல்கலைக்கழகத்தில் தகாவோ கொண்டோ குழு, நீலப்பச்சைப் பாசியின் காய்ஏ, காய்பி, காய்சி என்ற மூன்று புரதங்களை, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறுடன் சோதனைக்குழாயில் கலந்தது. செல் இல்லை, மரபணு இல்லை. ஆனாலும் காய்சியில் பாஸ்பேட் ஏறுவதும் இறங்குவதும் கிட்டத்தட்ட 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று. வெப்பம் கூடினாலும் வேகம் பெரிதாக மாறவில்லை. ஆனால் பார்த்தால் வெறும் தண்ணீர். மணி தெரிய சில மணிக்கொருமுறை துளி எடுத்துச் சோதிக்க வேண்டும், அதுவும் கையில் இன்னொரு கடிகாரத்தோடு.

எனக்குச் சேவல் போதும். பிசகினாலும் அடுத்த விடியலில் தானே திருத்திக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரர் சம்மதித்தால் சரி.