கரும்பு மானியம்: பெயரைச் சொல்லும் தீவும் சொல்லாத தீவும்

இந்தியப் பெருங்கடல் தீவுகளான மொரீஷியசுக்கும் ரீயூனியனுக்கும் நடுவே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் கடல்தான். இரண்டிலும் கரும்பு, இரண்டிலும் நம் முன்னோர் அந்தக் கரும்புக்காகவே கப்பலேறி வந்தவர்கள். 2017-இல் ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரை உற்பத்திக் கட்டுப்பாட்டை நீக்கியபின் சந்தை விலை சரிய, இரு பக்கமும் விவசாயி அரசுப் பணத்தை நம்பியே கரும்பு நடுகிறார். அந்தப் பணம் யார் யாருக்குப் போகிறது என்று கேட்டால்தான் பதில் வேறுபடுகிறது.

ரீயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம் என்பதால் ஐரோப்பிய விவசாய நிதியின் விதிகள் அங்கே செல்லுபடியாகும். ஆண்டுதோறும் மே 31-க்குள் பயனாளிகள் பட்டியல் இணையத்தில் வந்தாக வேண்டும். பெயர், ஊர், திட்டம், தொகை எல்லாம் அதில் இருக்கும். அங்குள்ள செயின்-ஆந்த்ரே ஊரில் ஒரு தமிழ் விவசாயி தன் பெயரையும் பார்க்கலாம், சர்க்கரை ஆலையின் பெயரையும் பார்க்கலாம்.

இது சும்மா வந்துவிடவில்லை. ஜெர்மனி விவசாயிகள் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2010 நவம்பரில், தொகையின் அளவைக்கூடப் பாராமல் தனிமனிதர் அனைவரின் பெயரையும் வெளியிடுவது வரம்பு மீறியது என்று தீர்ப்பளித்தது. 2013-இல் வந்த புதிய ஐரோப்பியச் சட்டம், ஆண்டுக்கு 1,250 யூரோவுக்கு மேல் பெறாதவர்களின் பெயரை மட்டும் மறைத்து, மற்றவர்களை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. சிறிய ஊரில் 'அவனுக்கு இவ்வளவு வந்ததாமே' என்ற பேச்சு எத்தனை குடும்பங்களைப் புண்படுத்தும் என்பது நமக்குத் தெரியும்.

எங்கள் மொரீஷியசில் நிதியமைச்சர் உரையில் சிறு விவசாயிக்கான உத்தரவாத விலை வரும், கைதட்டலும் வரும். மொத்தத் தொகை தெரியும். யாருக்கு எவ்வளவு என்ற பட்டியலைப் பொதுமக்கள் பார்க்க வழியில்லை. தகவல் உரிமைச் சட்டமோ பல தேர்தல்களாக வாக்குறுதியாகவே நிற்கிறது. நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் கேள்வி எழுப்பினால் ஏதோ கொஞ்சம் வெளிவரும்.

இதன் வலியை வயலில் பார்க்கலாம். எரிமலை மண் என்பதால் எங்கள் கரும்புக்காடுகளில் கற்குவியல்கள் மலைபோல் நிற்கும். சிறு விவசாயிகளின் நிலங்களை ஒன்றுசேர்த்து அரசுச் செலவில் கல் அகற்றும் திட்டம் வந்தபோது, எந்த வயலுக்கு இயந்திரம் முதலில் போகும் என்பதே ஊர்ப்பேச்சானது. தேர்வு நேர்மையாகவே நடந்திருக்கலாம். ஆனால் பட்டியல் இல்லாத இடத்தில் நேர்மையான அதிகாரியின் மீதும் பழி விழுகிறது.

தென்னாப்பிரிக்கா மூன்றாவது வழி. அங்கே 2000-ஆம் ஆண்டின் தகவல் அணுகல் சட்டப்படி விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் வரவேண்டும். உரிமை பெரிது, ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதிக் காத்திருக்க வேண்டும். அந்நாட்டின் குவாசுலு-நடால் மாகாணத்தில் கரும்பு வெட்டிவிட்டு வீடு திரும்புகிறவருக்கு அதற்கு நேரம் ஏது?

ஆகவே நான் ரீயூனியன் பக்கமே. ஆனால் அங்கும் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, பட்டியல் இரண்டு ஆண்டுகளே இணையத்தில் இருக்கும். பத்தாண்டுகளில் யார் வளர்ந்தார், யார் தேய்ந்தார் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. மற்றொன்று இதைவிடப் பெரிது. கரும்புக்கான ஐரோப்பிய உதவியில் பெரும்பகுதி, விவசாயிக்குக் குறிப்பிட்ட விலை தரவேண்டும் என்ற நிபந்தனையோடு ஆலைக்கே போகிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! பட்டியலில் ஆலையின் பெயரும் பெருந்தொகையும் தெரியும். அதில் எவ்வளவு வயலுக்கு வந்து சேர்ந்தது என்பது தெரியாது.

மொரீஷியஸ் தன் பட்டியலைத் தொடங்கும்போது அந்தக் கணக்கையும் சேர்த்தே கேட்க வேண்டும்: ஆலை பெற்றது எவ்வளவு, ஒரு டன் கரும்புக்கு விவசாயியிடம் கொடுத்தது எவ்வளவு என்று பட்டியலில் அருகருகே இரண்டு பத்திகள். பழைய ஆண்டுகளை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். சிறு தொகை பெறுவோரின் பெயரை மறைக்கும் வரம்பையும் முதல் நாளே சட்டத்தில் எழுதிவிட வேண்டும்.