புத்தக மென்பொருளுக்கு எந்த இடத்தில் காசு கேட்பது?

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்த புத்தகங்களை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றி, அப்படியே இபப் மின்னூலாக எடுத்துத் தரும் சின்ன மென்பொருள் ஒன்றை இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன். நண்பர்கள் சிலருக்கு அனுப்பினேன். எல்லோருமே "சூப்பர்" என்றார்கள். பிறகு ஒரு நாள், திருவல்லிக்கேணியில் டிடிபி வேலை (கணினியில் புத்தகப் பக்கம் அமைப்பது) பார்க்கும் ஓர் அக்காவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

280 பக்க நாவல் ஒன்றை உள்ளே போட்டார். திரையில் 'கௌரவம்' கண் எதிரே இருக்கிறது. தேடும் பெட்டியில் அதே சொல்லை அடித்தால் இல்லை என்கிறது. பழைய எழுத்துருவில் ஔகாரத்தின் பின்பாதிக்கு 'ள'வைப் போட்டுத்தான் அடிப்பார்கள். என் மென்பொருள் அதை 'ள'வாகவே எடுத்துக்கொண்டு, 'கெளரவம்' என்று மாற்றியிருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு. அக்கா குறை எதுவும் சொல்லவில்லை. "பரவாயில்ல தம்பி, நல்லாதான் இருக்கு" என்றபடி வேர்டைத் திறந்து ஒவ்வொன்றாகத் திருத்த ஆரம்பித்துவிட்டார். அவர் வேர்டைத் திறந்ததுதான் எனக்குக் கிடைத்த முதல் உண்மையான கருத்து.

இதற்கு எப்படிக் காசு வாங்குவது என்று யோசிக்கும்போது, இதே துறையில் மற்றவர்கள் செய்ததை வரிசையாகப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது: காசு கேட்கும் இடத்தை வைத்துத்தான் யார் நம்மிடம் வந்து பேசுவார்கள் என்பதும் அமைகிறது. இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்ய முடியாது.

முதலில் இலவசமும் நன்கொடையும். மின்னூல்களை அடுக்கி வைக்கவும் வேறு வடிவத்துக்கு மாற்றவும் உதவும் காலிபர் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. சோனியின் மின்னூல் கருவி லினக்ஸில் வேலை செய்யவில்லை என்பதால் கோவித் கோயல் 2006இல் தொடங்கியது. இன்றைக்கும் இலவசம்தான், விரும்பியவர்கள் நன்கொடை தரலாம். மின்னூல் படிக்கிற யாருக்கும் அது பயன்படும், அதனால் கூட்டம் பெரிது. பிழைகளைத் துல்லியமாக எழுதி அனுப்பும் ஆட்களும் அந்தக் கூட்டத்திலேயே கிடைக்கிறார்கள். இபப் கோப்பைத் திருத்தும் சிகில் 2009இல் வந்தது. அதுவும் இலவசம்தான், ஆனால் பராமரிப்பவர்கள் இரண்டு முறை கைமாறியிருக்கிறார்கள். என் மென்பொருளைப் பயன்படுத்தக்கூடியவர்கள் மொத்தமே சில நூறு பேர்தான். அதில் நன்கொடையை நம்புவது சரிவராது. இன்னொரு சிக்கலும் உண்டு: இலவசமாகக் கொடுத்தால் அக்கா மாதிரியானவர்கள் குறை சொல்லவே கூச்சப்படுகிறார்கள். "சும்மா குடுத்ததுல போய் என்னத்த கேக்குறது" என்ற எண்ணம்.

ஒரே தடவை விலை என்பது நாவல் போன்ற நீண்ட எழுத்துக்கான ஸ்க்ரிவ்னர் மென்பொருளின் வழி. பள்ளி ஆசிரியராக இருந்த கீத் பிளவுண்ட், தன் நாவலுக்குத் தோதான மென்பொருள் கிடைக்காமல் தானே நிரல் எழுதக் கற்றுக்கொண்டு 2007இல் வெளியிட்டார். அதன் சோதனைக் காலம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 30 நாள் என்றால் காலண்டர் நாள் இல்லை, உண்மையிலேயே திறந்து வேலை செய்த நாள். வாரம் இரண்டு நாள் திறந்தால் 15 வாரம் ஓடும். எழுதுகிறவர்களின் வேலை எப்படி விட்டுவிட்டு நடக்கும் என்று தெரிந்தவர் வைத்த கணக்கு இது. இப்படிப் பார்த்துவிட்டு வாங்குகிறவர் தெரிந்தேதான் வாங்குகிறார், அவருடைய கேள்வியும் ஆழமாக இருக்கும். கஷ்டம் அப்புறம்தான் வரும். ஒரு முறை வாங்கியவரிடம் மறுபடி காசு வாங்கப் பெரிய பதிப்பு ஒன்று வேண்டும். மூன்றாம் பதிப்பு மேக்குக்கு 2017இல் வந்தது, விண்டோஸுக்கு 2021இல்தான். தனியாளாக வேலை செய்கிறவன் அந்த இடைவெளியை எதை வைத்துத் தாண்டுவான்?

சந்தாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எழுதுவதற்கான யுலிசிஸ் 2017 ஆகஸ்டில் சந்தாவுக்கு மாறியபோது, ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கியிருந்தவர்களில் பலர் கொதித்துப் போனார்கள். அந்தக் கோபத்தையும் தாண்டி அது நின்றது, ஏனென்றால் எழுதுகிறவர் அதைத் தினமும் திறக்கிறார். நம் ஊர் டிடிபி வேலை அப்படியில்லை. சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வரும். அதற்கு முந்தைய மூன்று மாதம் ராத்திரி பகல் தெரியாது, பிப்ரவரியில் ஈயாடும். ஈயாடும் மாதத்தில் சந்தா கட்டச் சொன்னால் யாரும் சண்டை போட மாட்டார்கள், சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள். ஏன் நிறுத்தினார்கள் என்பதும் நமக்குத் தெரியாது.

2010இல் தொடங்கிய லீன்பப் என்ற மின்னூல் தளம் வேறு மாதிரி. எழுதி முடிக்காத புத்தகத்தையே விற்பனைக்கு வைக்கலாம். விற்பதில் 80 சதவீதம் எழுத்தாளருக்கு, மீதி அவர்களுக்கு. நல்ல யோசனைதான், ஆனால் அதற்கு நாமே கடை நடத்த வேண்டும். அந்த வேலை எனக்கு வேண்டாம்.

என் மனம் நின்றது வெல்லம் (Vellum) என்ற மென்பொருளில். பிக்சார் அனிமேஷன் பட நிறுவனத்தில் வேலை பார்த்த இருவர் செய்தது, மேக்கில் மட்டும் ஓடும். இறக்கிக்கொள்வது இலவசம். புத்தகத்தை உள்ளே போடலாம், அலங்கரிக்கலாம், எப்படி வரும் என்று கடைசிப் பக்கம் வரை பார்க்கலாம். கோப்பாக வெளியே எடுக்கும்போதுதான் காசு. அச்சு நூலுக்கும் சேர்த்து 249.99 டாலர், அதாவது இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். அந்த விலையை இங்கே யாரிடமும் கேட்க முடியாது. காசு கேட்கும் இடம் மட்டும் அவ்வளவு சரியாக இருக்கிறது. புத்தகம் முடிந்த நேரத்தில், பலன் கண்ணுக்குத் தெரியும்போது கேட்கிறார்கள். அந்த இடம் வரை வந்து காசு கட்டாமல் திரும்புகிறவர்தான் நாம் கூப்பிட்டுப் பேச வேண்டிய ஆள். 'கெளரவ'த்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியவராக இருப்பார்.

ஆனால் வெல்லம் மாதிரி ஒரு முறை கட்டினால் எத்தனை புத்தகமும் எடுக்கலாம் என்று வைக்காமல், ஒரு புத்தகத்துக்கு 300 ரூபாய் என்று வைக்கலாம் என்பது என் கணக்கு. அடுத்த முறை போனபோது அக்காவிடமே கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"புத்தகத்துக்குன்னு சொல்லாத தம்பி. பப்ளிஷருக்கு நான் பக்கத்துக்கு இவ்வளவுன்னுதான் பில் போடுறேன். நீயும் பக்கக் கணக்குல சொன்னா, என் பில்லுலயே ஒரு வரி சேத்துடுவேன். என் கைக்காசு போகாது."

காசை யார் தருகிறார்கள் என்று நான் அதுவரை யோசிக்கவே இல்லை. அக்கா மென்பொருளைப் பயன்படுத்துகிறவர், காசு பதிப்பாளருடையது. இது தெரிய வேண்டுமென்றால் அவரிடம் விலை என்று ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும். விலை காதில் விழுந்த பிறகு அவர் கூச்சமும் போய்விட்டது.

"காசு வாங்குறதா இருந்தா, அடிக்குறிப்பு எல்லாம் புத்தகத்து கடைசியில போய் விழுதே, அதை முதல்ல சரி பண்ணு" என்றார். இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறேன்.