டிங்கிள் வே: டிங்கிளிலிருந்து டன்குவின் வரை, ஒரு நாள் நடை

அயர்லாந்தின் கெரி கவுண்டியில், அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் டிங்கிள் தீபகற்பத்தைச் சுற்றி வரும் நடைபாதை இது. மொத்தம் 180 கி.மீ. அளவு இருக்கும். டிரலி நகரில் தொடங்கி அங்கேயே வந்து முடிகிறது. பெரும்பாலோர் எட்டு நாளில் நடக்கிறார்கள். அவ்வளவு விடுப்பு இல்லை, ஒரே ஒரு நாள்தான் முடியும் என்பவர்களுக்கு டிங்கிள் ஊரிலிருந்து டன்குவின் கிராமம் வரையுள்ள நாளைத்தான் பரிந்துரைப்போம். சுமார் 20 கி.மீ., நிறுத்தங்களோடு ஏழு மணி நேரம். ஆனால் இருபதும் ஒரே தரத்தில் இல்லை. பழைய கல்குடில்கள் நிற்கும் ஃபான் மலைச்சரிவில் வரும் சில கிலோமீட்டருக்காகத்தான் இந்த நாளே. மற்றதெல்லாம் அங்கே போய்ச் சேருவதற்கும் அங்கிருந்து இறங்குவதற்கும்.

அதனால் நேரத்தை முதலிலேயே மிச்சம் பிடியுங்கள். டிங்கிளிலிருந்து வென்ட்ரி வரையுள்ள ஆறேழு கிலோமீட்டரில் பெரும்பகுதி தார்ச்சாலையும் குறுகிய கிராமச் சந்துகளும்தான். மோசமில்லை, ஆனால் மனதில் நிற்காது. வென்ட்ரி வரை டாக்சியில் போய்விட்டால் ஒன்றரை மணி நேரம் கையில் இருக்கும். அதைச் சரிவில் செலவழிக்கலாம். பையை அடுத்த தங்குமிடத்துக்குக் கொண்டுபோகும் சேவை எடுத்திருந்தால், காலை ஒன்பது மணிக்குள் பை வரவேற்பறையில் இருக்க வேண்டும்; ஒரு பைக்கு 20 கிலோதான் வழக்கமான வரம்பு. மதியச் சாப்பாட்டை டிங்கிளிலேயே கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் உள்ள காபிக் கடைகள் கோடைக்காலக் கடைகள், டன்குவினில் மளிகைக் கடையே இல்லை. தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது வேண்டும். மலையோடை தெளிவாகத்தான் இருக்கும், ஆனால் மேலே முழுக்க ஆடு மேய்கிறது, குடிக்காதீர்கள்.

இது ஐரிஷ் பேசும் பகுதி. வீட்டிலும் கடையிலும் அதுதான் ஓடுகிறது. வெளியூர்க்காரரிடம் தயங்காமல் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். ஆனால் சாலைப் பலகைகளில் ஊர்ப்பெயர் ஐரிஷில்தான் இருக்கும், பல வரைபடங்களிலும் செயலிகளிலும் ஆங்கிலத்தில் இருக்கும். வென்ட்ரிக்குக் கியான் ட்ரா, டன்குவினுக்கு டூன் க்வீன் என்று இரண்டு பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் சந்திப்புகளில் முழிக்க வேண்டாம். 1:50,000 அளவு டிஸ்கவரி வரிசை வரைபடத்தில் 70ஆம் எண் தாள் இந்த நாளுக்குப் போதும். பாதைக் குறி, கறுப்புக் கம்பத்தில் மஞ்சள் நிற நடக்கும் மனிதனும் அம்புக்குறியும்.

வென்ட்ரி கடற்கரையில் பாதை மணல்மேலேயே போகிறது. அலை வற்றிய நேரத்தில் ஈர மணல் கெட்டியாக இருக்கும், வேகமாக நடக்கலாம். அலை ஏறிய நேரத்தில் மேல்மணல்தான் மிஞ்சும், கால் புதையும். அலை அட்டவணையை முதல்நாள் இரவே பார்த்துவிடுங்கள்.

கடற்கரை முடிந்து, கொஞ்சம் சாலையில் நடந்து, இடப்பக்கம் கடல் இருக்க வலப்பக்கம் மலையேறுகிறது பாதை. ஃபான் சரிவு உள்ள இந்த மலை, மவுண்ட் ஈகிள், 516 மீட்டர். பாதை அதில் பாதி உயரம்கூடப் போவதில்லை. மேலேறியதும் வயல்களின் கடைசிக் கற்சுவரை ஒட்டிச் சரிவின் குறுக்கே போகும். கீழே டிங்கிள் விரிகுடா, எதிரே ஐவெரா தீபகற்பத்தின் மலைகள். இங்கேதான் அந்தக் கல்குடில்கள். ஒன்றின் பக்கத்தில் நின்று நிதானமாகப் பாருங்கள். சுண்ணாம்பு இல்லை, மண்சாந்து இல்லை. தட்டைக் கற்களை வட்டமாக அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் கீழ்வரிசையைவிடச் சற்றே உள்ளே தள்ளி வைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். கற்கள் வெளிப்புறம் லேசாகச் சாய்ந்திருப்பதால் மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்துவிடும். உச்சியில் மிஞ்சும் ஓட்டையைப் பலகைக்கல் மூடும். முழுசாக நிற்பவை கவிழ்த்து வைத்த பானைபோலவே இருக்கும். எல்லாம் தனியார் நிலத்தில் இருக்கின்றன. சாலையோரத்தில் உள்ள சிலவற்றுக்குச் சிறு கட்டணம் உண்டு. எங்கேயும் மேலே ஏறாதீர்கள். ஒரு கல் நகர்ந்தால் வரிசையே தளரும்.

வயல்சுவர்களும் அப்படித்தான். கற்படி வைத்த இடத்தில் மட்டுமே தாண்டுங்கள். கதவு திறந்திருந்தால் திறந்தே விடுங்கள், மூடியிருந்தால் மூடுங்கள். அயர்லாந்தில் தனியார் நிலத்தில் நடக்கப் பொது உரிமை கிடையாது. விவசாயிகள் இடம்கொடுப்பதால்தான் இந்தப் பாதை இருக்கிறது. நாயைக் கூட்டிவரவே வேண்டாம்.

இந்தச் சரிவில் ஆட்களைத் தடுமாற வைப்பவை இரண்டு. ஒன்று மூடுபனி: அரைமணியில் கடலும் குறிக்கம்பமும் மறைந்துவிடும். அப்போது மேல்வயல் சுவரை இடக்கைப் பக்கமே வைத்துக்கொண்டு நடந்தால் மலைப்பக்கம் விலகிப் போகமாட்டீர்கள். இன்னொன்று பிராக்கன் என்ற பெரணிச் செடி. ஜூலை, ஆகஸ்டில் இடுப்பளவு வளர்ந்து கல்லை மறைத்துவிடும், மழை நின்ற பிறகும் காற்சட்டையை நனைக்கும். உண்ணியும் அதில்தான் இருக்கும். முழுக்காற்சட்டை, கணுக்கால் வரை ஏறும் காலணி, மாலையில் முழங்காலுக்குப் பின்புறம் ஒரு சோதனை. குடை இந்தக் காற்றில் ஐந்து நிமிடம் தாங்காது; தலைமூடி இறுகக் கட்டக்கூடிய மழைச்சட்டைதான் உதவும். மே மாதமே எங்கள் தேர்வு: பெரணி இன்னும் குட்டை, வெளிச்சம் இரவு ஒன்பது தாண்டியும் இருக்கும்.

ஸ்லே ஹெட் முனையைச் சுற்றியதும் பிளாஸ்கெட் தீவுகள் மொத்தமாகத் தெரியும். கிரேட் பிளாஸ்கெட்டிலிருந்து 1953 நவம்பரில் மக்களை அரசு வெளியேற்றியது. கூரையில்லாத வீடுகளைத் தொலைநோக்கியில் பார்க்கலாம். இதற்குப் பிறகு பாதையின் பெரிய குறை தொடங்குகிறது: மிச்சத்தில் கணிசமான பகுதி கார் சாலையிலேயே. சாலை குறுகல், கோடையில் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக வரும். வண்டிகள் இடப்பக்கம் ஓடும் நாடு, எனவே நடப்பவர் வலப்பக்கம். பேருந்துகள் பெரும்பாலும் கடிகாரத் திசையில், அதாவது உங்களுக்குப் பின்னாலிருந்து வரும். சத்தம் கேட்டதும் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி நில்லுங்கள். கூமினூல் கடற்கரை கண்ணைப் பறிக்கும், ஆனால் நீரோட்டம் பொல்லாதது; இறங்கிக் குளிக்கவே கூடாது. நேரம் இருந்தால் பக்கத்து டன்மோர் ஹெட் முனைக்குப் போய்வர ஒரு மணி நேரம் கொடுக்கலாம். அயர்லாந்துப் பெருநிலத்தின் மேற்குக் கோடி அது.

டன்குவினில் பிளாஸ்கெட் தீவு மக்களின் வாழ்க்கையைச் சொல்லும் மையம் இருக்கிறது. குளிர்காலத்தில் மூடியிருக்கும், பருவத்திலும் மாலை ஐந்துக்கு முன்பே உள்ளே போய்விடுவது நல்லது. தங்க அறைகள் மிகக் குறைவு, கோடைக்கு மாதக்கணக்கில் முன்பே பதிய வேண்டும். கிடைக்காதவர்கள் டிங்கிளுக்கே திரும்புகிறார்கள். பேருந்து குறைவு என்பதால் பெரும்பாலும் டாக்சிதான். ஸ்லே ஹெட்டைத் தாண்டினால் கைபேசி சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும், ஆகவே டாக்சிக்கு வென்ட்ரியிலிருந்தே பேசி, ஏறும் இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்துவிட்டு மலையேறுங்கள்.